சந்திரகலா காலமானார்

ராதாகிருஷ்ணனின் கைப்பேசி சாப்பாட்டு மேசையில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. சந்திரகலா ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள்.

"உஷாவாம்மா?"

திருச்செல்வத்தின் குரல். போர்ட்டில், கிள்ளான் துறைமுகத்தில், ராதாகிருஷ்ணனோடு வேலை பார்த்தவர். இப்போதும் பண்டமாரானில்தான் இருக்கிறார், நாலு தெரு தள்ளி.

"அம்மா எப்படிம்மா தவறினாங்க? பேப்பர்ல பாத்தேன். கை காலெல்லாம் ஆடிப்போச்சு. முந்தாநாள்தான பரமேஸ்வரன் வீட்டுச் சாவுல பாத்தோம். நல்லாத்தான நின்னுக்கிட்டிருந்தாங்க."

"எந்த அம்மா?" என்றாள் சந்திரகலா.

"என்னம்மா இப்படிக் கேக்கிற? உங்கம்மாதான். சந்திரகலா அண்ணி."

"நான்தான் பேசுறேன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

பத்திரிகை வாசல் கேட்டின் கம்பியில் செருகியபடியே இருந்தது. ரப்பரைக் கழற்றினாள். நின்றபடியே பக்கங்களைத் தள்ளினாள். மரண அறிவிப்புகள் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருந்தன. மூன்றாவது படம் அவளுடையது.

உஷா பிறந்த வருஷம் கிள்ளான் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. தலையில் கனகாம்பரம். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த படம். கீழே, திருமதி சந்திரகலா ராதாகிருஷ்ணன் இறைவனடி சேர்ந்தார் என்று இருந்தது. ஈமச்சடங்கு இன்று பிற்பகல் இல்லத்தில். வீட்டு முகவரி சரியாக இருந்தது. அதைத்தான் முதலில் சரிபார்த்தாள்.

கை தானாகக் கழுத்துக்குப் போனது. தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

கூடத்தில் நாற்காலிகள் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. ராதாகிருஷ்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கண்ணாடி அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று வெளியே போய் வந்ததிலிருந்து இப்படித்தான். அறையில் துணிகளைக்கூடக் கலைத்துப் போட்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு சாமான்."

பத்திரிகையை அவர் முன் நீட்டினாள். "இது என்ன?"

அவர் படத்தைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"என் பொண்டாட்டி" என்றார். "கொடுத்து வெச்சவ. படுக்கையில கிடக்காம போயிட்டா."

"அப்ப நான் யாரு?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். பெயர் தெரியாத ஒருவர் நலம் விசாரிக்கும்போது மனிதர்கள் சிரிக்கும் சிரிப்பு.

"வீட்டைப் பாத்துக்கிறீங்க. நீங்க இல்லன்னா எனக்குக் கஷ்டம்தான். அதை மறக்க மாட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அக்கா, கொஞ்சம் காப்பி கலந்து வைக்க முடியுமா? ஆளுங்க வந்துடுவாங்க."

அவள் அடுப்படிக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் திறந்தபடியே இருந்தது. அதை மூடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளிக்குப் பிறகுதான் தொடங்கியது. அவர் மரியாதையாக நடக்க ஆரம்பித்தார்.

அதுவரை அப்படி இல்லை. கிரேன் ஓட்டியவர். உயரத்திலிருந்து கத்திப் பழகிய குரல். "ஏய் கலா, தண்ணி" என்பார். சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்து போவார். தீபாவளிக்குப் பிறகு தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். ஐஸ்பெட்டியைத் திறக்கும் முன் கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் நன்றி சொன்னார். அவளை அக்கா என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். பிறகு பழகிவிட்டது.

தை பிறக்கும் முன்பே தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் படுக்க வந்தார். தைப்பூச விரதத்தை இந்த வருஷம் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டாள். காவடி எடுத்த காலத்தில் அப்படித்தான், தரையில் தனியாகப் படுப்பார். அவள் அவருக்கென்று புதுப் பாய் வாங்கிப் போட்டாள். பூசம் முடிந்தது. அவர் அறைக்குத் திரும்பவில்லை. கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்து சட்டை எடுத்தார்.

கோவிலில் வசுந்தராவிடம் சொன்னாள். வசுந்தரா திருச்செல்வத்தின் மனைவி.

"எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டீங்க?" என்றாள் வசுந்தரா. "எனக்கும் சொல்லுங்கக்கா. என் வீட்ல உக்காந்திருக்கிறதுக்கும் ஒரு அர்ச்சனை போடணும்."

இருவரும் சிரித்தார்கள். சந்திரகலாவுக்கு அன்று பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்தாள்.

மறதி இருக்கத்தான் செய்தது. சாவியை வைத்த இடம் தெரியாது. மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் விட்டுவிட்டு நடந்து வருவார். உஷா அவரை கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தான் ஓட்டிய கிரேன்களின் எண்களை வரிசையாகச் சொன்னார். மனைவியின் பெயரைக் கேட்டார் டாக்டர். "சந்திரகலா" என்றார் உடனே. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகவும், வயதானால் இதெல்லாம் வருவதுதான் என்றும் டாக்டர் சொன்னார்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சந்திரகலாவைக் காட்டி, இது யார் என்று கேட்கவில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முந்தாநாள் நண்பர் பரமேஸ்வரனின் மனைவி இறந்துபோனாள். இருவரும் போயிருந்தார்கள். உடலை எடுக்கும் முன் பெண்கள் தாலியைக் கழற்றிப் பரமேஸ்வரனின் கையில் வைத்தார்கள். அவர் அதைப் பொத்திக்கொண்டு அழுதார். ராதாகிருஷ்ணன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் கிராப் வாடகைக் காரில் கேட்டார்.

"யாரு செத்தது?"

"பரமேஸ்வரன் பொண்டாட்டி."

"பொண்டாட்டி" என்றார். வீடு வரும்வரை அதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றது. சந்திரகலா குழாயை மூடினாள். செராஸில் இருக்கும் மகளை அழைத்தாள்.

"உஷா, நான் செத்துட்டேன்னு அப்பா பேப்பர்ல போட்டிருக்காரு."

"என்னம்மா உளறுறீங்க?"

"கடைசிக்கு முந்தின பக்கம். பாரு."

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழும் சத்தம்.

"வரேன்மா. இப்பவே கிளம்புறேன். அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

"கேட்டுட்டேன்."

உஷா வரும் முன் லோரி ஒன்று வாசலில் வந்து நின்றது. இரும்புக் குழாய்கள், சுருட்டிய நீலத் துணி, பிளாஸ்டிக் நாற்காலிகள். தொப்பி போட்ட ஆள் ஒருவன் இறங்கினான்.

"ஆன்டி, கெனோபிப் பந்தல் எங்க போடணும்? ரோட்டை அடைச்சுப் போட்டுடவா?"

"யாரு வரச்சொன்னா?"

"அங்கிள்தான். நேத்து கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. பாடி எப்ப வருது?"

"வராது."

"ஆஸ்பத்திரில லேட்டா? அவனுங்க எப்பவும் அப்படித்தான் லா. எங்க பெரியப்பாவுக்கே சாயந்தரம்தான் விட்டானுங்க."

"தம்பி, செத்தது நான்தான்."

அவன் சிரித்தான். "காலங்காத்தால விளையாடாதீங்க ஆன்டி."

அவள் கையிலிருந்த பத்திரிகையைக் காட்டினாள். அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். மோவாயின் இடப்பக்கம் ஒரு மச்சம். படத்திலும் இருந்தது, இவளிடமும் இருந்தது. தொப்பியைக் கழற்றினான். பிறகு ஓடிப்போய் லோரியில் ஏறினான். லோரி தெருமுனைவரை பின்பக்கமாகவே போனது. திருப்பிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

உஷா வந்ததும் கேட்டருகே நின்று அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை. கைகளால் தோளையும் முதுகையும் தடவிப் பார்த்தாள்.

"இருக்கேன்" என்றாள் சந்திரகலா.

உஷா உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"உன்னைத் தெரியுதா?"

"தெரியுது. பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. அம்மா முகத்தைப் பாத்தியாம்மான்னு கேட்டாரு."

"உன்னை மட்டும் எப்படித் தெரியுது?"

உஷா கைப்பேசியை எடுத்தாள்.

அறிவிப்பை வாங்கியவன் குகன். கிள்ளான் கடைத்தெருவில் பத்திரிகை விற்பவன், விளம்பரமும் வாங்கி அனுப்புவான். உஷா அவனை அழைத்தாள். "அக்கா, சாவுச் செய்தி கொண்டு வர்ற மனுஷன்கிட்ட நெஜமான்னு கேக்க முடியுமா? அழுதாரு. படத்தை விடாம புடிச்சிருந்தாரு. எழுதக்கூட முடியல அவருக்கு. நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றான். பிறகு அவனும் அழுதான்.

கிளினிக் டாக்டரிடம் உஷா போனில் அதிக நேரம் பேசினாள். பேசி முடித்துவிட்டு அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மூளை சுருங்கிக்கிட்டே போற நோயாம்மா. அல்சைமர்ஸா இருக்கலாம்னு சொல்றாரு. உடனே மூளையை ஸ்கேன் எடுத்துப் பாக்கணுமாம். பேரெல்லாம் ஞாபகம் இருக்குமாம். பழசெல்லாம் இருக்குமாம். ஒரு சில முகம்தான் போயிடுமாம். அவர் மனசுல நீங்க அந்தப் படத்துல இருக்கிற மாதிரிதான் இருக்கீங்க. வீட்ல நடமாடுற இந்த வயசான பொம்பள யாருன்னு அவருக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கம். அதான் மரியாதையா நடந்துக்கிறாரு."

"எவ்வளவு நாளா?"

"தெரியலம்மா. மாசக்கணக்கா இருக்கலாம்னு சொல்றாரு."

சந்திரகலா தலையை ஆட்டினாள்.

"நான்தான் உங்க பொண்டாட்டின்னு சண்டை போடக்கூடாதாம். பயந்துடுவாராம்."

"அவரா? எனக்கா பயப்படுவாரு?"

"தெரியாத பொம்பள ஒருத்தி திடீர்னு வந்து நான் உன் பொண்டாட்டின்னு சொன்னா யாரும் பயப்படத்தானம்மா செய்வாங்க."

சொல்லிவிட்டு உஷா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சந்திரகலா காப்பித் தூள் டின்னைத் திறந்தாள்.

"ஆளுங்க வருவாங்க" என்றாள்.

உஷா முடிந்தவரை எல்லோரையும் அழைத்து வரவேண்டாம் என்றாள். பாதிப்பேர் நம்பவில்லை. கேரி தீவிலிருந்து ஒரு வேன் ஏற்கனவே கிளம்பியிருந்தது. சந்திரகலாவின் ஒன்றுவிட்ட அக்கா அதில் இருந்தாள். வேன் கதவு திறக்கும் முன்பே அழ ஆரம்பித்திருந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினாள். கேட்டருகே சந்திரகலாவைக் கண்டதும் அழுகை பாதியில் நின்றது. வாய் மட்டும் மூடவில்லை. பின்னால் இறங்கியவர்கள் அவள் மேல் மோதிக்கொண்டார்கள்.

"அக்கா, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றாள் சந்திரகலா.

ஒருத்தரும் அசையவில்லை. பிறகு ஒரு கிழவர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்.

திருச்செல்வமும் வசுந்தராவும் நடந்தே வந்தார்கள். வசுந்தராவின் கையில் பிளாஸ்டிக் பையில் ரோஜா மாலை. போனில் பேசியபிறகும் அவர்களுக்கு நம்பிக்கை வந்திருக்கவில்லை.

"மாலையை என்ன பண்றது?" என்று திருச்செல்வம் மனைவியின் காதில் கேட்டார்.

"என் கழுத்துல போடுங்க. சும்மா வாங்க."

ராதாகிருஷ்ணன் எழுந்து வந்து கை குவித்தார். வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக்கூடாது. அதை அவர் மறக்கவில்லை. திருச்செல்வத்தைக் கண்டதும் உடைந்துபோனார்.

"செல்வம். போயிட்டாடா."

திருச்செல்வம் அடுப்படி வாசலில் நின்ற சந்திரகலாவைப் பார்த்தார். உஷா கையால் சைகை காட்டினாள். பேசட்டும், விடுங்க.

"உக்காருங்கண்ணே" என்றார் திருச்செல்வம்.

இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். ராதாகிருஷ்ணன் தரையைப் பார்த்துப் பேசினார்.

"அவ கோபக்காரிடா. உனக்குத் தெரியாது. வெளிய காட்ட மாட்டா. என் மேல கோபம்னா ரசத்துல உப்பு போட மாட்டா. அன்னிக்கு மட்டும் ரசம் வெறும் புளித்தண்ணி. நான் ஒண்ணும் சொல்லாம குடிச்சிடுவேன். கேட்டா சண்டை வரும். அதுல அவளுக்குத் திருப்தி. நான் கண்டுபிடிச்சேன்னு கடைசிவரைக்கும் அவளுக்குத் தெரியாது."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

சந்திரகலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான வருஷத்திலிருந்து செய்துவந்தது அது. நாக்கு செத்த மனுஷன் என்று அவரைத் திட்டுவாள், தனக்குள்தான். ஒரு தடவைகூட அவர் முகம் மாறியதில்லை. மகளிடம்கூட அதை அவள் சொன்னதில்லை.

"நல்லவடா" என்றார் அவர். "அவகிட்ட நான் அதைச் சொன்னதில்ல."

வசுந்தரா சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சந்திரகலா திரும்பி அடுப்படிக்குள் போனாள். கோப்பைகளைத் தட்டில் வைத்தாள். அவர் முன்னால் போய் உட்கார்ந்து, கலாதான் நான், இதோ இருக்கேன் என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. சொன்னால் பயப்படுவார். சொல்லாவிட்டால் அழுவார். தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

குனிந்து அவருக்கு நீட்டினாள். தாலிக்கொடி சட்டைக்கு வெளியே வந்து தொங்கியது.

அவர் கை கோப்பைக்குப் போகவில்லை. தாலியைப் பிடித்தது.

தட்டு விழுந்தது. சூடான காப்பி அவள் காலில் கொட்டியது.

"இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. கிரேன் மேலிருந்து வந்த குரல்.

"அப்பா!" என்றாள் உஷா.

"என் பொண்டாட்டி தாலி இது. நேத்துலேருந்து தேடுறேன். செல்வம், பாருடா. இந்தக் குண்டு நசுங்கியிருக்கு பாரு. உஷா கைக்குழந்தையா இருந்தப்ப கடிச்சது. கழட்டிப் புருஷன் கையில குடுப்பாங்க. பரமேஸ்வரனுக்குக் குடுத்தாங்க. எனக்குக் குடுக்கல. இவ எடுத்துப் போட்டுக்கிட்டா."

நசுங்கிய குண்டு அவருக்குத் தெரிந்தது. அதற்குச் சாண் தூரத்தில் இருந்த முகம் தெரியவில்லை.

அவர் இழுத்தார். கொடி பின்கழுத்தில் அறுத்தது. அவள் மண்டியிட்டாள். உஷா அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. எழுபது வயதுக் கை, லீவரைப் பிடித்து இறுகிய கை. "விடுங்கண்ணே" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் இன்னும் இறுக்கினார். சந்திரகலாவுக்கு மூச்சு அடைத்தது.

திருச்செல்வம் எழுந்து அவருக்கு நேரே நின்றார். ஒன்றும் பேசவில்லை. வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, முன்னும் பின்னும் வீசினார். போர்ட்டில் கீழே நின்று அவருக்குச் சைகை காட்டியவர் திருச்செல்வம்தான். நிறுத்து.

ராதாகிருஷ்ணனின் கை நின்றது.

திருச்செல்வம் ஆள்காட்டி விரலைக் கீழே காட்டி மெதுவாகச் சுழற்றினார். இறக்கு.

கை இறங்கியது. விரல்கள் திறந்தன. அவர் திருச்செல்வத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த சைகைக்காக.

திருச்செல்வம் கையைக் கீழே போட்டார். அவருக்கு வேர்த்திருந்தது.

"அவளைக் குடுக்கச் சொல்லுடா செல்வம்" என்றார் ராதாகிருஷ்ணன். குரல் உடைந்திருந்தது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சந்திரகலா தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். விரலில் ரத்தம். பிறகு இரண்டு கைகளாலும் கொடியைப் பிடித்தாள்.

"அக்கா, வேணாம்!" வசுந்தரா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "புருஷன் உயிரோட கண்ணு முன்னாடி நிக்கிறாரு. பாவம்கா. கழட்டாதீங்க."

"வேற ஏதாவது குடுக்கலாம்மா" என்றாள் உஷா. "வேற செயின் இருக்கும்ல?"

"அவருக்கு இதுதான் தெரியும்" என்றாள் சந்திரகலா.

பித்தப்பையில் கல் எடுத்தபோதுகூட அவள் அதைக் கழற்றவில்லை. நர்ஸ் திட்டினாள், பிறகு பிளாஸ்டர் போட்டுத் தோளோடு ஒட்டிவிட்டாள். இப்போது தலைக்கு மேலே தூக்கினாள். கொண்டையில் சிக்கியது. கேரி தீவு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் திருப்பிக்கொண்டார்கள். சந்திரகலா தானே சிக்கலை எடுத்தாள்.

அவர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். அவள் அதில் வைத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடம்பு முழுதும் தளர்ந்தது. நேற்றிலிருந்து தேடியது கிடைத்துவிட்டது.

அவர் சாமி மேடைக்குப் போனார். பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தை முருகன் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார். அதன் முன் தாலியைச் சுருட்டி வைத்தார். வசுந்தரா நாற்காலியில் விட்டிருந்த பையைப் பார்த்தார். மாலையை எடுத்தார். படம் சின்னது. மாலை பெரியது. படம் மாலைக்குள் மறைந்துபோனது.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. வேன் கதவு மூடும் சத்தம் கேட்டது. யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. வசுந்தராகூடச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டைத் தாண்டும்போதுதான் சந்திரகலா அதைக் கவனித்தாள். சாவு வீட்டிலிருந்து அப்படித்தான் போவார்கள்.

ராதாகிருஷ்ணன் சுவரோரப் பாயில் படுத்துத் தூங்கிப்போனார். உஷா அம்மாவின் காலுக்கும் கழுத்துக்கும் மருந்து போட்டாள். பிறகு வெளியே போய் கேட்டருகே நின்று, வந்துகொண்டே இருந்த அழைப்புகளை எடுத்தாள். "இருக்காங்க ஆன்டி. இல்ல, இருக்காங்க. நல்லாருக்காங்க."

வெயில் தாழ்ந்தபோது அவர் எழுந்தார். மேசை முன் வந்து உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது. சாமி மேடைப் பக்கம் திரும்பவில்லை. காலையில் நடந்தது எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"அக்கா, பசிக்குது" என்றார்.

"இருங்க. ரசம் வெக்கிறேன்."

புளி கரைத்தாள். மிளகும் சீரகமும் தட்டினாள். தக்காளியை நசுக்கினாள். உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. கை அதற்குப் போனது. நிறுத்திக்கொண்டாள். ஜாடியை எடுத்து மேல்தட்டில் வைத்தாள்.

ரசம் நுரை கட்டியது. இறக்கினாள். கிண்ணத்தில் ஊற்றி அவர் முன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் எதிரே அவள் உட்காருவதில்லை. இன்று உட்கார்ந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டால் போதும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவர் கிண்ணத்தைத் தூக்கினார். ஊதினார். அவள் கழுத்தைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

"உங்க வீட்டுக்காரர் இல்லையாக்கா?"

"இருக்காரு."

"எங்க இருக்காரு?"

"பக்கத்துலதான்."

அவர் தலையை ஆட்டினார். நல்லது என்பதுபோல. ஒரு வாய் குடித்தார்.

முகம் மாறவில்லை.

சந்திரகலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தார். யோசித்தார். அதே சங்கடமான சிரிப்பு வந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றார். "ரசம் நல்லாருக்கு. உப்பு மட்டும் போட மறந்துட்டீங்க."

வெளியே உஷா யாரிடமோ, அம்மா இருக்காங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சந்திரகலா எழுந்து போய் மேல்தட்டிலிருந்து ஜாடியை எடுத்து வந்தாள். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள்.

"போதுமா?"

அவர் குடித்துப் பார்த்தார்.

"போதும்கா" என்றார். "ரொம்ப நன்றி."